சந்தியோகின் வேலியும் படுக்காத குதிரையும்

பேசாலையில் சந்தியோகு என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கோயிலில் மணி அடிக்கிறவர். மற்றவர் பூட்டுச் சந்தியோகு. நான் சொல்ல வந்தது பூட்டுக்காரரைப் பற்றி. பிறந்தது வங்காலை. தகப்பன் கரைவலை இழுத்தவர். எடித்தைக் கல்யாணம் கட்டி இங்கே வந்தார். எடித்தின் தாய் செபமாலையும் நானும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். ஆகவே எடித்தும், பக்கத்து வளவில் இருக்கும் அவளின் தமையன் யாகப்பரும் எனக்கு மருமக்கள் முறை. உறவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் யாகப்பரின் ஆள் என்று சந்தியோகு இன்றைக்கும் நம்புகிறார்.

மனிதர் கெட்டவர் இல்லை. நம்பமாட்டார், அவ்வளவுதான். கோயிலுக்குப் போனால் இடது செருப்பை ஒரு வாசலிலும் வலது செருப்பை மற்ற வாசலிலும் கழற்றி வைப்பார். சோடியாக இருந்தால்தானே களவு போகும் என்பார். கிழிந்த வலையைப் பொத்தக் கொடுத்தால் மூலையில் சிவப்பு நூல் ஒன்று முடிந்துதான் கொடுப்பார். சிரிக்கலாம். ஆனால் சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்த நாளில், தன் வீட்டு வாசற்கதவு இன்னொருவர் வீட்டில் மாட்டியிருந்ததைக் கண்ட மனிதர் அவர். அந்த வீட்டுக்காரர் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "வாங்கோ, எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டாராம். அதன் பிறகுதான் பூட்டு வாங்கத் தொடங்கினார்.

கடலுக்குப் போவதை விட்ட பிறகு, கடற்கரையில் புதிதாகக் கட்டிய ஒரு ஹோட்டலுக்குக் காவற்காரரானார். வெள்ளைக்காரர் ஏறிச் சவாரி போகட்டும் என்று முதலாளி நுவரெலியாவிலிருந்து ஒரு செம்மண்நிறப் பெண்குதிரையைக் கொண்டுவந்து விட்டிருந்தார். கொரோனா வந்தது, ஹோட்டல் மூடியது, முதலாளி கொழும்போடு நின்றுவிட்டார். குதிரை சந்தியோகோடு நின்றுவிட்டது. ஹோட்டலின் பின்பக்கம் வேலி இல்லாத வெளி. மன்னார்த் தீவில் கழுதை இல்லாத வெளி ஏது? நாலைந்து கழுதைகள் எந்நேரமும் அந்தக் குதிரையைச் சுற்றி நிற்கும். அவற்றைத் துரத்துவதே சந்தியோகின் பாதி வேலை.

பிறகு ஐப்பசியில் ஹோட்டல் கூரையைக் கழற்றத் தொடங்கினார்கள். சந்தியோகு குதிரையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பழைய கருவாட்டுக் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தார். நல்ல சீமெந்துத் தரை. கழுதை வந்தால் சொறி தொற்றும், தீனியைத் தின்னும் என்று கொட்டிலைச் சுற்றி உடைமுள் வெட்டி நெஞ்சு உயரத்துக்கு வேலி அடைத்தார். கட்டுக்குக் கட்டு கம்பி. படலைக்குப் பூட்டு.

யாகப்பர் தன் வளவில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன மச்சான், குதிரையை மறியலிலை பூட்டிப் போட்டிட்டாய்?"

"களவு போறதுக்கு விடச் சொல்லுறீங்களோ?"

"குதிரையைக் களவெடுத்து ஆரப்பா என்ன செய்யிறது? சட்டைப்பைக்குள்ளை வைக்கிறதோ? சாணி நாத்தம் இஞ்சாலை வராமப் பார். எனக்கு அது காணும்."

சந்தியோகு அந்தச் சாணிப் பேச்சை மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

அந்த மார்கழி உங்களுக்கு நினைவிருக்கும். வன்னிப் பக்கம் மாடுகள் நின்ற நிலையில் விறைத்துச் செத்த மார்கழி. எங்கள் தீவிலும் வாடைக்காற்று மழையையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் விடாமல் அடித்தது. சந்தியோகு சாக்குகளைச் சேர்த்துத் தைத்துக் குதிரையின் முதுகில் போர்த்தினார். சாக்கு நனைந்தது. நனைந்ததையும் கழற்றவில்லை.

மழை விட்ட காலையில் குதிரையின் முன்னங்கால் முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்து இரத்தம். எண்ணெய் பூசினார். இரண்டு நாளில் அதே இடத்தில் புதுக்காயம்.

விழுந்திருக்கும் என்று வேறு யாரும் நினைத்திருப்பார்கள். சந்தியோகு மாலையில் கொட்டிலைச் சுற்றி மணலை விளக்குமாற்றால் வழித்துவிட்டார். விடிந்ததும் குனிந்து குனிந்து பார்த்தார். மனிதக் கால்தடம் இல்லை. வேலிக்கு வெளியே, யாகப்பரின் வளவுப் பக்கம், கழுதைக் குளம்பு மட்டும். உள்ளே யாரும் வரவில்லையென்றால் வெளியே நின்று எறிந்திருக்கிறார்கள். கல்லைத் தேடினார். கல்லும் இல்லை. கல்லை எடுத்துக்கொண்டு போகிற அளவுக்குப் புத்தியுள்ள கள்ளன் யார்? சாணி நாற்றம் என்றவர்தான்.

"சனிக்கிழமை பொலிசுக்குப் போறன்," என்றார் எடித்திடம்.

"அண்ணையிலையோ? விசரே உங்களுக்கு? தையிலை ராசாக்கள் திருநாள் முடிய அண்ணையின்ரை மகள் பிறின்சிக்குக் கல்யாணம். நான் அவளுக்கு மாமி."

"அந்தக் கல்யாணத்துக்கு இந்த வீட்டிலையிருந்து ஒரு கால் போகாது."

எடித் அன்றைக்குச் சமைக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து அழுதாள். தாய் தகப்பன் இல்லாத அவளுக்குப் பிறந்தகம் என்று மிஞ்சியது அந்த ஒரு தமையன் வீடுதான். பொலிசுக்கு ஒரு தரம் போய்விட்டால் பிறகு எந்தப் பாதிரியார் வந்தும் ஒட்டவைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். "முதலிலை குதிரைக்கு ஒரு டொக்டரைக் காட்டு, பிள்ளை," என்றேன். அவளே போன் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மிருக வைத்தியர் ஹம்சிகா மோட்டார்சைக்கிளில் வந்தாள். செத்த மாடுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்திருந்தது. சந்தியோகு பூட்டைத் திறப்பதற்கு முன் விசாரணை வைத்தார்.

"ஆரின்ரை பிள்ளை?"

"நானாட்டான் சீவரத்தினத்தின்ரை மகள்."

"யாகப்பரைத் தெரியுமோ?"

"ஆர் யாகப்பர்?"

"தெரியாட்டி நல்லம். வாங்கோ."

அவள் முழங்காலைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். சாக்கைத் தொட்டுவிட்டு உடனே கழற்றச் சொன்னாள். "ஐயா, குளிருக்குக் குதிரையின்ரை மயிர் தானாகவே எழும்பி நிண்டு சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். ஈரச்சாக்கு அதை அமத்திப்போடும். போர்க்கிறதெண்டால் காய்ஞ்சதைப் போர்க்கோணும். வைக்கோல் நிறையக் குடுங்கோ, அது தின்னத் தின்னத்தான் உடம்பு சுடும்." பிறகு கேட்டாள்: "இது படுத்ததைக் கண்டனீங்களோ?"

"குதிரை படுக்குமோ? நிண்டுகொண்டுதான் நித்திரை. படுத்தால் செத்துது எண்டு அர்த்தம்."

"கொஞ்சம் சத்தம் போடாமல் நிப்பம்."

நின்றோம். நானும் போயிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. யாகப்பர் தன் வளவில், கேட்காதவர் மாதிரி மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். குதிரையின் கீழுதடு தொங்கியது. ஒரு பின்னங்காலை மடக்கி நுனிக் குளம்பில் வைத்தது. தலை மெல்ல மெல்ல இறங்கியது. கண் சொருகியது. திடீரென்று முன்னங்கால் இரண்டும் மடிந்து, படாரென்று முழங்காலால் சீமெந்தில் மோதி, திடுக்கிட்டு எழுந்தது. பழைய காயத்திலிருந்து இரத்தம் கசிந்தது.



"நிண்டபடி கண்ணயரலாம், ஐயா," என்றாள் ஹம்சிகா. "ஆனால் ஆழ்ந்த நித்திரைக்குக் கொஞ்ச நேரமெண்டாலும் படுக்கத்தான் வேணும். தனிய நிக்கிற குதிரை பயத்திலை படுக்காது. காவலுக்குத் தன்ரை சாதியிலை ஒண்டு முழிச்சு நிக்கோணும். இது எத்தினை நாள் நித்திரையில்லையோ தெரியாது. இஞ்சை வர முதல் இதோடை என்ன நிண்டது?"

சந்தியோகு கழற்றிய சாக்கைச் சுருட்டத் தொடங்கினார். எடித்துத்தான் சொன்னாள்: "கழுதையள். நாலைஞ்சு. இவர் முள்ளடைச்சுத் துரத்திப்போட்டார்."

வேலிக்கு அந்தப்பக்கம் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

சந்தியோகின் முகத்தை நான் பார்த்தேன். கள்ளனைப் பிடித்தாகிவிட்டது, ஆனால் கள்ளன் தானே என்று தெரிந்த முகம். அப்போதும் விடவில்லை. "டொக்டரை வரச்சொல்லிப் போன் எடுத்தது ஆர்?" என்றார்.

"நான்," என்றாள் எடித். "நாளைக்கு என்னையும் சேர்த்துப் பொலிசிலை குடுங்கோ." சொல்லிவிட்டுக் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துப் போய், முள்வேலியின் கம்பிக் கட்டை வெட்டத் தொடங்கினாள். கையில் முள் குத்தியது. வெட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து யாகப்பர் வந்து, முள்ளுக் கொப்பைத் தடியால் தூக்கிப் பிடித்தார். சந்தியோகு தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போகும்போது ஹம்சிகா சீமெந்தின் மேல் காய்ந்த மணல் ஒரு முழத்துக்குப் போடச் சொன்னாள். கழுதை மயிரில் எண்ணெய்ப்பசை இல்லை, மழையில் தோல்வரை நனைந்துவிடும், கூரை கண்டால் தானே வரும் என்றாள். அது சரியாக இருந்தது. பின்னேரமே ஒரு சாம்பல் கழுதை வந்து ஒட்டி நின்றது. சந்தியோகு அதன் உடம்பில் சொறி தேடினார். காதுக்குள்ளும் பார்த்தார். பிறகு போய்ப் படலைப் பூட்டைக் கழற்றினார்.

சனிக்கிழமை பொலிசுக்குப் போகவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் வண்டிலில் மணல் ஏற்றி வந்து கொட்டிலுக்குள் பறித்தார்.

திங்கட்கிழமை பத்து மணி இருக்கும். வெயில் எறித்தது. நான் யாகப்பர் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால், குதிரை நாலு காலையும் நீட்டி மணலில் சரிந்து கிடக்கிறது. தலைமாட்டில் கழுதை, காதை ஆட்டிக்கொண்டு. சந்தியோகு முழங்காலை ஊன்றி இருந்து குதிரையின் மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்திருந்தார்.

யாகப்பர் பதறிப்போனார். "மச்சான்! உயிர் இருக்கோ?"

சந்தியோகு திரும்பினார். கண் நிறைந்திருந்தது. மற்றக் கையை உயர்த்தி, வாயில் விரலை வைத்தார்.

"கத்தாதேங்கோ, மச்சான். நித்திரை கொள்ளுது. வாறதெண்டால் மெல்லமா வந்து பாருங்கோ."

யாகப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். எடித் குசினி வாசலில் நின்றபடி, பிறின்சியின் கல்யாணத்துக்கு இடிக்க வேண்டிய மாவுக்கு அரிசியை ஊறப் போட்டாள்.