அடுப்பு எரிந்தால் வீடு

சொத்துவரியை இனி நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று செல்பேசியில் செய்தி வந்தபோது, நான் அடுக்களையில் கட்டிப் பெருங்காயத்தை உடைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை சதுர அடி, எந்தத் தெரு, வீடா கடையா என்று மூன்றே கேள்விதான். காய வாசனையோடு அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் தச்சநல்லூர் அண்ணாச்சி நினைப்புத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வரிப் பிரிவில் சேர்ந்த புதிது. பெரிய வேலையெல்லாம் இல்லை, அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். மறுமுனை ஆய்வாளர் கையில். பட்டம் வாங்கியவன் என்பதால் கொஞ்சம் விறைப்பாகவே பிடிப்பேன்.

அன்றைய கணக்கைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். கட்டடத்தை வாடகைக்கு விட்டால் மாதம் என்ன கிடைக்கும் என்று நாங்களாக ஊகிப்போம். அதை வருஷத்துக்குப் பெருக்கி, பழுதுபார்க்கும் செலவுக்கென்று கொஞ்சம் கழித்து, மிச்சத்தின்மேல் வரி. கடை என்றால் கூடுதல், வீடென்றால் குறைவு. சொந்தக்காரரே கடை நடத்தினாலும் இதே கற்பனை வாடகைதான்.

"எனக்கு நானே வாடகை குடுக்கணுமாக்கும்? நல்லாருக்கே கூத்து!" என்பார் அண்ணாச்சி. மெயின்ரோட்டில் அவருக்குப் பலசரக்குக் கடை. வாசலைத் தாண்டும்போதே காயம் ஆளைப் பிடித்து இழுக்கும்.

வீடா கடையா என்று தீர்மானிக்க எங்கள் ஆய்வாளரிடம் சொந்தமாக ஒரு சட்டம் இருந்தது. அடுப்பு எரிந்தால் வீடு. எந்தப் புத்தகத்திலும் கிடையாது, ஆனாலும் மேல்முறையீடு இல்லை. இது எப்படியோ ரோட்டுக்குக் கசிந்துவிட்டது.

நாங்கள் அளக்கப் போன அன்று ஒரே புகை. இரும்புக் கடையில் சோறு பொங்குகிறது, தையல் கடையில் ரசம் கொதிக்கிறது. அண்ணாச்சி தன் பெயர்ப்பலகையை மூட்டைகளின்மேல் கவிழ்த்துப் போட்டு, பாய் விரித்துக் கட்டிலாக்கியிருந்தார். மிளகாய் மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவில் அவர் மனைவி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, இருமியபடியே உலையைக் கிண்டினார்.

"குடியிருக்கோம் சார்வாள். நல்லாப் பாத்துக்கிடுங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா பையை நீட்டினார்.

"அண்ணாச்சி, ஒரு கட்டி காயம்."

"இது வீடும்மா. வேற எங்கனயாவது கேளு."

"நேத்துக்கூட இங்கனதான வாங்குனேன்?"

"நேத்து சும்மா ஒரு பழக்கத்துல குடுத்துட்டேன்."

ஆய்வாளர் அடுப்பை மட்டும் பார்த்தார். குடியிருப்பு என்று எழுதினார். இரும்புக் கடைக்காரருக்கோ ஈரவிறகு அணைந்துபோய்க் கடைவரியே விழுந்தது. அண்ணாச்சி அவருக்கு ஆறுதல் சொல்லிக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

சில வருஷம் கழித்து ரோட்டை அகலப்படுத்தினார்கள். இடிபட்ட கடைகளுக்குப் பதிலாகப் புதுக் கட்டடத்தில் கடை தருவார்களாம், கடைவரி ரசீது இருந்தால். இரும்புக் கடைக்காரருக்குக் கிடைத்தது. அண்ணாச்சி என் மேஜைமுன் வந்து நின்று உள்ளங்கையை நீட்டினார்.

"மோந்து பாரும் தம்பி. வீட்ல கெடக்கவன் கை இப்படியா மணக்கும்?"

மோந்து பார்த்தேன். காயம்தான். ஆனால் வாசனையை ஏற்றுக்கொள்ள எங்கள் அலுவலகத்தில் வழியில்லை. மேலே சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

பிறகு அவர் பின்சந்தில் இருந்த தன் வீட்டு முன்னறையிலேயே சரக்கைப் பரப்பினார். அதையும் அளக்கப் போனோம். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, இந்தத் தடவை நிஜமாகவே மத்தியானச் சோற்றுக்கு. ஆய்வாளர் வழக்கம்போல எழுதக் குனிந்தார். அண்ணாச்சி ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினார்.

"கடைன்னே எழுதுங்க சார்வாள். வரி கூடுனாலும் பரவால்ல."

பாதி வெந்த சோற்றுக்கு முன்னால் அவர் மனைவி கரண்டியோடு நின்றார்.

இன்று அண்ணாச்சியும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. நாடா பிடிக்க யாரும் வருவதில்லை. அந்தப் பழைய கடையின் மேல் பேருந்துகள் ஓடுகின்றன. அவ்வழியே போகும்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பார்க்கிறேன், டீசல்தான் மணக்கிறது. அது வீடா கடையா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அந்த இடத்துக்கு வரியே கிடையாது.