தங்கபாய் மூச்சு பார்த்த அறை

கரமனையில் என் சித்தி பத்மஜா நடத்தும் பெண்கள் விடுதிக்குத் தங்கபாய் சமையல் வேலைக்கு வந்தபோது நான் ஊரில் இல்லை. பல தேசங்கள் சுற்றிவிட்டு வந்து, அப்பா வீட்டில் இருப்புக் கொள்ளாமல் விடுதியின் மாடியறைக்கு நான் குடிவந்த மாதத்தில்தான் அந்தக் கலவரம் நடந்தது.

தங்கபாய்க்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். பிறந்தது நாகர்கோவில் பக்கம், கட்டிக்கொடுத்தது பாறசாலையில். கணவனின் அண்ணனை அரிவாள்மணையால் வெட்டிக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்துவிட்டு வெளியே வந்தவர். விடுதலையானவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் அதிகாரி ஒருவர் போனில் கேட்டபோது, சித்தி நிறைய யோசிக்கவில்லை. சமையலுக்கு ஆள் நிற்காமல் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

"நீயா யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே" என்று மட்டும் தங்கபாயிடம் சொல்லிவைத்தாள்.

அதை அவரும் காப்பாற்றினார். இதற்கு முன் ஒரு தையல் கூடத்திலும் ஒரு மெஸ்ஸிலும், விஷயம் தெரிந்த மறுநாளே அவரை அனுப்பியிருந்தார்கள். தம்பி வாசற்படி ஏற்றவில்லை. விடுதியில் வேலை போனால் படுக்கும் இடமும் போய்விடும்.

முதல் நாள் அவர் வடித்த சோற்றைப் பார்த்து, "இங்கே என்ன கல்யாணமா நடக்கறது?" என்று சித்தி கேட்டாளாம். பெரிய அண்டாவிலேயே பழகிய கை. ஒரு வாரத்தில் அளவு பிடிபட்டுவிட்டது. மற்றொரு பழக்கம் மட்டும் மாறவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் சமையலறையை ஒட்டிய அறையில் விளக்கை அணைக்காமல் படுத்துவிடுவார். நடுவில் எழுந்து கொஞ்ச நேரம் விழித்திருப்பார். மறுபடி படுத்து, விடியுமுன் எழுவார்.

எனக்கு அது விசித்திரமாகத் தோன்றவில்லை. மின்விளக்கு வருவதற்கு முன் பல ஊர்களில் மனிதர்கள் இரவை இரண்டாகப் பிரித்துத் தூங்கினார்கள் என்று வரலாறு படித்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். நடுவில் எழுந்து அடுப்பைப் பார்ப்பார்கள், மாட்டைப் பார்ப்பார்கள், பிள்ளைகளுக்குப் போர்த்திவிடுவார்கள், திரும்பவும் படுப்பார்கள். தனி அறை, தனிக் கட்டில், விடியும்வரை ஒரே தூக்கம் என்பதெல்லாம் நேற்று வந்த வழக்கம். நான் போன இடங்களிலும், படகுத் தளமோ ரயில் நிலையமோ, பலர் சேர்ந்து தூங்கினால் ஒருவராவது விழித்திருந்தார்.

ஆனால் விழித்திருந்த நேரத்தில் தங்கபாய் என்ன செய்தார் என்பது, ஷாலு அலறிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஷாலு கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். காலையில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லோரும் கூடியிருக்க, அவள் இன்னும் படபடப்பு அடங்காமல் நின்றாள்.

"ஆன்ட்டி, கண்ணு தொறந்தா இவங்க முகம்! என் மூக்குகிட்ட கை! செத்தே போயிட்டேன்னு நெனச்சேன், சத்யமாயிட்டும்!"

"தங்கபாய், நிஜத்தைச் சொல்லு. எதுக்கு உள்ளே போனே?" என்றாள் சித்தி.

தங்கபாய் தலை குனிந்து நின்றார்.

"மூக்குகிட்ட வேற என்ன இருக்கு? வைர மூக்குத்திதானே!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

தங்கபாய் சட்டென்று நிமிர்ந்தார்.

"களவா? களவு செய்றவ இல்ல நான். ஜெயில்ல கெடந்தேன், அதுவும் களவுக்கு இல்ல. அங்க எனக்கு ராத்திரி காவலாக்கும். படுத்துக் கெடக்கவங்களை எண்ணணும், மூச்சு பாக்கணும். அதைத்தான் இங்கயும் பாத்தேன். வேற ஒண்ணுமில்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. சித்தியைப் பார்த்தார். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஜெயிலா? என்ன கேஸ்?" என்றாள் ஷாலு.

"கொலை" என்றார் தங்கபாய். "செஞ்சேன். இல்லேன்னு சொல்லல்ல."

மேஜையில் தோசை ஆறிப்போனது. ஒருவரும் தொடவில்லை. தங்கபாய் இருந்தால் தாங்கள் இருக்க முடியாது என்று அன்றே நான்கு பேர் சித்தியிடம் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூங்கும்போது முகத்துக்கு நேரே ஒரு கை வந்தால் நானும் அலறியிருப்பேன்.

நான் சமையலறைக்குப் போனபோது தங்கபாய் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். உடன் ரெம்யாவும் வந்தாள். அவள் விடுதியில் தங்கியிருந்த நர்ஸ், தக்கலைக்காரி.

"எதுக்கு சேச்சி மூச்சு பாக்கணும்? தலையை எண்ணினா போதாதா?" என்று கேட்டாள்.

தங்கபாய் பையை மூடிவிட்டு அதன்மேல் கை வைத்தபடி உட்கார்ந்தார்.

"ஆதியில நானும் அப்படித்தான் மக்ளே. போர்வையை எண்ணுவேன், வெளிய நிக்க வார்டருகிட்ட சொல்லுவேன். ஒரு ராத்திரி எண்ணிக்கை சரியா இருந்துச்சு. விடிஞ்சு பாத்தா, அதுல ஒரு பிள்ளைக்கு உயிர் இல்ல. எதையோ தின்னுட்டுப் படுத்திருக்கா. என் பக்கத்துப் பாய்தான். நான் அவளையும் சேத்து எண்ணியிருக்கேன்."

பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அதுக்கப்புறம் எல்லாரையும் பாத்தாத்தான் எனக்கு ரெண்டாவது உறக்கம் வரும். இல்லேன்னா வராது."

அன்று மாலை ரெம்யா ஒரு செய்தியோடு வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரு சாந்தி இல்லத்தில், கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், இரவு உதவிக்கு ஆள் வேண்டுமாம். வழக்கு விவரத்தைச் சொல்லியும் வரச் சொல்லிவிட்டார்கள்.

சித்திக்கு முகமே மலர்ந்துவிட்டது. "பாத்தியா! ஒனக்குன்னே இருக்கு இந்த வேலை. மூச்சு பாக்கறதுதானே அங்கே வேலையே!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தங்கபாய் மட்டும் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் மாமி."

"ஏன்? சம்பளம் போறலையா?"

"அங்க தெனம் ஒருத்தரு போவாங்க. மூச்சு நிக்கப்போகுதுன்னு தெரிஞ்சுதான் பாக்கணும். நான் பாக்கது, இருக்குன்னு தெரிஞ்சுக்கிடறதுக்காக்கும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "என்னால இன்னொரு தடவ ஆகாது. நான் போறேன்."

"எங்கே போவே?"

தங்கபாய் வாசல்வரை நடந்துவிட்டார்.

ரெம்யாதான் குறுக்கே போய் நின்றாள். "சேச்சி, எங்க வார்டுல ராத்திரி நான் எல்லார் கையையும் தொட்டுத்தான் பாக்கேன். யாரும் போலீஸைக் கூப்பிடல்ல. மத்தவங்க தாழ் போட்டுப் படுக்கட்டும். என் ரூம் மட்டும் தொறந்து கெடக்கும். நீங்க வந்து பாருங்க. ஒரு ரூம் மதியா?"

"மதியா" என்றால் போதுமா என்று அர்த்தம். தங்கபாய் வெகுநேரம் யோசித்தார். அவருடைய பல வருஷத்து இரவுக் கணக்கில் இத்தனை குறைந்த எண்ணிக்கை ஒருபோதும் வந்திருக்காது.

"தெரியல்லியே மக்ளே" என்றார். "பாத்தாத்தான் தெரியும்."

சித்தி என்னைப் பார்த்தாள், ரெம்யாவைப் பார்த்தாள். பிறகு மற்ற அறைகளின் கதவுகளுக்குப் புதிய தாழ்ப்பாள் போட ஆசாரிக்குப் போன் செய்தாள். கண்டிப்பு குறையாமல், "வேற எந்த ரூம் வாசலையும் மிதிக்கப்படாது, கேட்டியா?" என்றாள்.

"மிதிக்கமாட்டேன் மாமி."

ஷாலு சமாதானமாகவில்லை. அடுத்த வாரம் ஸ்ரீகாரியத்தில் வேறு விடுதிக்குப் போய்விட்டாள். இன்னொருத்தியும் போனாள். மற்றவர்கள் தங்கிவிட்டார்கள், ஆனாலும் பல நாள் தங்கபாயிடம் தட்டை நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. சாம்பாரில் உப்பு தவறிக்கொண்டே இருந்தது. முதல் சில இரவுகள் ரெம்யாவின் அறைக்குப் போய்வந்த பிறகும் தாழ் போட்ட கதவுகளுக்கு வெளியே, கூடத்திலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்ததாக அவரே சொன்னார். இப்படியே போனால் அவரே கிளம்பிவிடுவார் என்று பயந்தேன்.

ஒரு நாள் காலை நான் இறங்கி வந்தபோது பால் பாக்கெட்டுகள் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. அடுப்பு பற்றவில்லை. டியூட்டிக்குக் கிளம்பிய ரெம்யா, காபி இல்லாமல் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே பக்கத்து அறையில் தங்கபாய் ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"சும்மா இரு" என்றாள் பின்னால் வந்து நின்ற சித்தி. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பாலை எடுத்துவரப் போனாள்.