ரோஜா என்று ஒரு எருமை

தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார்கள் என்றால் எனக்கு ஒரு வேலை வந்துவிடும். பீரோவுக்குப் பின்னால் துணிப்பையில் கிடக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துத் துடைத்து, லைசென்ஸ் புத்தகத்தோடு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். இந்தத் தடவை வாங்கிவைத்த போலீஸ்காரருக்கு என் பேரன் வயது இருக்கும். குழலைத் திறந்து கண்ணை வைத்துப் பார்த்தார், மூக்கை வைத்தும் பார்த்தார்.

"இன்னா சார், தையல் மிஷின் வாசனை வருது?"

தையல் மிஷின் எண்ணெய்தான் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வீட்டில் அதுதான் இருக்கிறது.

"இத்தால எதுனா சுட்டுகீறீங்களா சார்?"

"ஒரு எருமைமாட்டைச் சுட்டிருக்கேன்."

அவர் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரிடமும் சொல்லிச் சிரிக்கவைத்தார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். எழுபதைத் தாண்டியவன், மூக்குக் கண்ணாடியைத் தேடவே இன்னொரு கண்ணாடி தேவைப்படுகிறவன், எருமையைச் சுட்டேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விரலில் அந்த எண்ணெய் வாசனை இருப்பது தெரிந்தது. வீடு வரும்வரை அது போகவில்லை.

அவரிடம் நான் பன்றிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். துப்பாக்கி என் தாய்மாமாவுடையது. தெற்கே மலையடிவாரத்தில் அவருக்குக் கடலைக்காடு இருந்தது. காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் மொத்தக் காட்டையும் உழுதுவிட்டுப் போய்விடும். வேட்டைச் சட்டம் இறுகுவதற்கு முந்தைய காலம் அது. கொக்குக்கும் முயலுக்கும் சிதறுகுண்டுத் தோட்டா போதும். பன்றிக்கு ஒற்றைக்குண்டு வேண்டும். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரே ஈயக்கட்டி. அருகில் பட்டால் எதையும் சாய்த்துவிடும். தூரம் கூடக்கூட எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. "கிட்டப் போறவனுக்குத்தாம்ல இது துப்பாக்கி. எட்ட நிக்கறவனுக்கு வெறும் வெடி" என்பார் மாமா.

எனக்கு இருபது வயது. ஒரு பன்றி பதினைந்து எட்டு வைக்கும் தூரத்தில் புதரிலிருந்து வெளியே வந்தது. முகம் என் பக்கம் இருந்தது. அது பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். நான் பொறுக்கவில்லை. பயம். குண்டு வயிற்றில் பட்டது. பன்றி என்னை விட்டுவிட்டு, காவலுக்குத் துணையாக வந்து எனக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நின்ற சுடலை என்ற பையனின் தொடையைக் கிழித்தது. அவன் மூன்றாம் நாள் செத்துப்போனான். அவனுக்கும் என் வயதுதான். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் துப்பாக்கியைத் தொடவில்லை. ஆனால் மாமாவுக்குப் பிறகு அது என் தலையில்தான் வந்து விழுந்தது. இரும்பு வியாபாரத்துக்குச் சென்னை வந்தபோது துப்பாக்கியும் கூடவே வந்தது. நகரின் வடகோடியில் சாத்தாங்காட்டில் கடை போட்டேன். இரும்பு மார்க்கெட் அப்போது புதிது. கடைகளை விடக் காலி மனைதான் அதிகம். மழை பெய்தால் கால்வாய்ப் பக்கத்து சதுப்புத் தண்ணீர் கடைவாசல்வரை வரும். அந்தத் தண்ணீரில் எருமைகள் முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடக்கும். பாதிக்கு மேல் பால் வியாபாரம் செய்த ஜெகதாம்பா அக்காவுடையவை.

அக்காவின் கொட்டகை மாத்தூர் போகிற வழியில் இருந்தது. எல்லா எருமைக்கும் பூப்பெயர். மல்லி, கனகா, சாமந்தி, ரோஜா. "கனகாம்பரத்தைக் கனகானு கூப்ட்டா திரும்புது, முழுசாக் கூப்ட்டா திரும்ப மாட்டேன்றது அண்ணாச்சி" என்று ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார். கோபம் வந்தால் லாரி டிரைவர்கள்கூட ஒதுங்கிப்போகும் வாய் அவருக்கு. ஆனால் பால் கறக்கும்போது அந்தக் குரலைக் கேட்க வேண்டும், தாலாட்டு மாதிரி இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். தெருவில் திடீரென்று ஓட்டமும் கூச்சலும். ரோஜா கட்டை அறுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குள் புகுந்துவிட்டது. லோடு ஏற்றிக்கொண்டிருந்த மணியை முட்டி, விலா எலும்பு இரண்டை உடைத்துவிட்டது. பிறகு இரும்புத் தகடுகளை அடுக்கிவைத்திருந்த ஒரு சந்துக்குள் நுழைந்து நின்றுகொண்டது. மறுமுனை சுவர். வாயிலிருந்து நுரை நூலாய் ஒழுகியது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரல். தகட்டில் அது கொம்பைத் தேய்க்கும் சத்தம் பல்லைக் கூசவைத்தது.

மாட்டு டாக்டர் வந்தார். இளவயதுப் பெண். தூரத்தில் நின்று பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "வெறிநாய் கடிச்சிருக்கணும்" என்றார்.

ஜெகதாம்பா அக்கா விடவில்லை. "வெறியும் இல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளா தண்ணி முழுங்க மாட்டேன்றது. தொண்டைல எதுவோ மாட்டிகினு கீது. நானே கைய உள்ள வுட்டுப் பாத்தேன்."

டாக்டரின் முகம் மாறியது. "எந்தக் கையம்மா?"

அக்கா வலது கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே பல் உரசிய கோடு சிவப்பாக இருந்தது. டாக்டர் அங்கேயே குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார். இன்றைக்கே ஊசி போட வேண்டும் என்றார். அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றி வரிசையாகப் போடுகிற ஊசி. அக்கா கையை உருவிக்கொண்டார்.

"நல்லா கீற மாட்டுக்கு நானு எதுக்கு ஊசி போட்டுக்கணும்? வெறின்னு காமி, போட்டுக்கறேன்."

அதைக் காட்டுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. எருமையின் மூளையைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இன்ஸ்பெக்டர் என் கடைக்கு வந்தார். "எங்க ரைஃபிளால இந்த இரும்புக்கு நடுவுல சுட முடியாது. குண்டு எங்க பட்டு எங்க திரும்பும்னு சொல்ல முடியாது. உங்ககிட்ட ஈயக்குண்டு இருக்காமே, அது பட்ட எடத்துலயே நசுங்கி நின்னுடுமாமே?" பின்னால் நின்ற டாக்டர் தயங்கிச் சொன்னார். "சார், தலையில மட்டும் வேணாம். மூளை சிதைஞ்சா எல்லாம் வீண்."

முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வரேன்" என்பது. இன்றுவரை ஏன் என்று தெரியவில்லை.

ஒற்றைக்குண்டுத் தோட்டா மூன்று மிச்சமிருந்தது. அட்டைத் தோட்டாக்கள். இந்த ஊர் உப்புக்காற்றில் ஒன்று ஊதிப்போய்க் குழலுக்குள் நுழையவே மறுத்தது. மற்ற இரண்டையும் போட்டுக்கொண்டு சந்து முனைக்கு வந்தேன். லாரிகள் மேல் ஆட்கள் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரோஜா முகத்தை என் பக்கம் வைத்து நின்றது. தலையைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது தகட்டடுக்கின் மேலிருந்து அக்காவின் குரல் கேட்டது. எப்போது ஏறினார் என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணாச்சி, சுடத்தான் போறியா?"

"ஆமாக்கா."

அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "இழுத்துகினு கெடக்க வெக்காத. நானு கூப்புட்றேன், அது திரும்பும். அப்போ சுடு" என்றார்.

"ரோஜா... அடி ரோஜா... இங்க வாம்மா." பால் கறக்கும்போது வருகிற அதே குரல்.

எருமை காதைத் திருப்பியது. பிறகு கழுத்து. பிறகு உடம்பு முழுவதும் மெதுவாகத் திரும்பியது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், கீழ்ப்பக்கம் பார்த்து விசையை இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தோட்டா நமத்துப்போயிருந்தது.

அந்தச் சின்னச் சத்தத்துக்கு ரோஜா மறுபடி என் பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு எட்டு முன்னால் வந்தது. எனக்கும் அதற்கும் நடுவே ஆறு எட்டுதான் இருக்கும். மிச்சம் ஒரு தோட்டா. எதிரே நெற்றி மட்டும். "சுடுங்க சார், சுடுங்க!" என்று பின்னால் இன்ஸ்பெக்டர் கத்தினார். என் விரல் இரண்டாவது விசையில் இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. நான் சுடவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுடலை பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

"ரோஜா..." என்றார் அக்கா மறுபடியும். "நானு இங்க கீறேன்டி கண்ணு."

ரோஜா திரும்பியது.

இந்தத் தடவை வெடித்தது. இரும்புக்கு நடுவே அந்தச் சத்தம் எங்கெங்கோ மோதித் திரும்பி வந்தது. எருமை முன்னங்கால்களை மடக்கி, சதுப்பில் படுப்பதுபோல் படுத்தது. தலையை மட்டும் சிறிது நேரம் தூக்கிவைத்திருந்தது, பிறகு அதையும் இறக்கியது. அக்கா இறங்கி ஓடிவந்தார். டாக்டர் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "தொடக் கூடாதும்மா, தொடக் கூடாது." இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் குழலைத் திறந்து, நமத்த தோட்டாவையும் காலித் தோட்டாவையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டேன்.

சோதனையில் வெறி நோய் என்று உறுதியானது. முடிவைச் சொல்ல டாக்டரே கொட்டகைக்கு நடந்து போனாராம். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. கைகால் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். எல்லா ஊசியும் போட்டுக்கொண்டார். பிழைத்துக்கொண்டார். மணியும் இரண்டு மாதத்தில் லோடு ஏற்ற வந்துவிட்டான்.

நான்தான் மாத்தூர் வழியாகப் போவதை விட்டுவிட்டேன். ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்குப் போவேன். மழைக்காலம் முடிந்து ஒருநாள் மத்தியானம் அக்காவே கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இன்னா, என்னியப் பாத்தா ஓட்றியாமே?"

நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன்.

"சுட்டதுக்கு நானு ஒண்ணும் சொல்லல, அண்ணாச்சி. அது வேற. அவ்ளோ வெறிலயும் எங்கொரல் கேட்டுத் திரும்பிச்சே. அதுவும் ரெண்டு தபா. அத்த நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டேன்றது."

கடைவாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

பிறகு சதுப்பில் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். மேய இடம் இல்லாமல் மல்லியும் சாமந்தியும் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. கொட்டகையைக் காலி செய்துவிட்டு அக்கா வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மகன் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. அங்கேயே காலமானார். அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது படிக்கட்டு குறுகல் என்பதால் நானும் ஒரு கை கொடுத்தேன்.

சாத்தாங்காட்டில் இப்போது எருமையே கிடையாது. தண்ணீர் கிடந்த இடத்தில் கன்டெய்னர்களை ஐந்தடுக்கு, ஆறடுக்கு என்று ஏற்றிவைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் நீளமாக ஒரு எண். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.