காத்து எறங்குன துப்பாக்கி

பல்லு போன கெழவி பலூன் கடையில என்ன பண்ணுனான்னு தெரிஞ்சிக்க அப்படி என்ன ஆசை உங்களுக்கு? வேற சோலி இல்லியா? சரி, கேட்டுத் தொலைங்க.

விருத்தாசலம் மாசி மகத்துல எனக்குப் பலூன் சுடுற கடை. துப்பாக்கி ரெண்டு. பேட்டரியில ஓடுற கையடக்க கம்ப்ரசர வெச்சி அதுங்களுக்குக் காத்து ஏத்துவேன். காத்து கொறைஞ்சா குண்டு பலூன்கிட்ட போவாம வழியிலயே வுழுந்துடும்.

அன்னிக்கு ஒரு புதுமாப்ள, பொண்டாட்டியோடயும் அம்மாவோடயும் வந்தான். பொண்ணு கண்ணு கலங்கி இருந்துச்சு.

"எங்கம்மா வூட்டுக்கு ஒருதரம் போயிட்டு வரேங்க"ன்னு அவன்கிட்ட மெதுவா கேட்டுச்சு. மாமியா மூஞ்சத் திருப்பிக்கிச்சு.

"என்னவிட அதிகமா பலூன் ஒடைச்சிடு, இன்னிக்கே ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸு ஏத்துறேன்"னான் அவன்.

"இவளா? ஒடைச்சா தாராளமா போவட்டும்"னு மாமியா சிரிச்சிச்சு.

எனக்கு மனசு கேக்கல. காத்து ஏத்துன துப்பாக்கிய பொண்ணு கையில குடுத்தேன். காத்து எறங்குனது அவன் கைக்குப் போச்சு. பொண்ணு பட்டு பட்டுன்னு ஒடைச்சிது. அவன் ஒவ்வொரு தடவையும் ஒத்தக் கண்ண மூடி, மூச்சப் புடிச்சி சுட்டான். ஒண்ணுகூட போயி சேரல.

துப்பாக்கியத் திருப்பிக் குடுக்கும்போது அவன் என் காதுகிட்ட சொன்னான்: "ஆயா, நான் செராமிக் கம்பெனியில கம்ப்ரசர் காத்துலதான் பொம்மைக்குக் கலரு அடிக்கிறேன். மொத குண்டு சத்தத்துலயே தெரிஞ்சிடுச்சு. எங்க மாத்திக் குடுத்துடுவீங்களோன்னுதான் பயந்துட்டிருந்தேன்."

அதுவரைக்கும் இந்தத் திருவிழாவுலயே நான்தான் கில்லாடின்னு நெனச்சிட்டிருந்தேன்.

பக்கத்துக் கடை வளையக்காரி, "ஒண்ணுகூட ஒடைக்கல, என்னா ஆம்பள அவன்?"ன்னு சிரிச்சா.

"நல்லா குறி பாத்துதான்டி தவறவுட்டான்"னேன்.