மனைக்கல்லில் வைத்த கோல்

இரும்புலியூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த வயலை மனைகளாகப் பிரித்துவிட்டார்கள். விற்காமல் கிடந்த மனைகள்தான் பையன்களுக்குக் கால்பந்து மைதானம். ஆட்டத்தை நடத்தியவர் கேசவன் அண்ணன். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அதை எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பையன்களோடு வெயிலில் கழிப்பார்.

அவர் பெரிய ஆட்டக்காரர் அல்ல. சின்ன வயதிலேயே வேலைக்குப் போய்விட்டதால் எந்த டீமிலும் ஆடியதில்லை. அவருக்கு இருந்தது ஒரே விதி. வந்தவன் யாரும் சும்மா நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது.

"ஜெயிக்கணும்னா வேற எங்கனா போ. ஆடணும்னா இங்க வா" என்பார்.

கோல்போஸ்ட் கிடையாது. செருப்பை வைத்தால், யாராவது உதைத்துத் தள்ளிவிட்டுச் சண்டை போடுவார்கள். அதனால் மனைகளின் மூலையில் நட்டிருந்த மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக் கற்களைப் பிடுங்கிவந்து கோலுக்கு வைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தந்தக் குழியிலேயே நட்டுவிடுவார்கள். தொண்ணூற்றிரண்டில் மழை பெய்து குழிகள் தூர்ந்துபோயின. அதன் பிறகு குத்துமதிப்பாக நட்டார்கள். கேசவன் அண்ணனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தை பிறந்ததும், ஒரு மனையை வாங்கியிருந்த ஸ்ரீநிவாசராகவன் சார் கொத்தனாரோடு வந்து டேப் பிடித்தார். அகலம் குறைந்தது. நிலத்தை விற்ற பொன்னுரங்கத்தை ஆள் விட்டு அழைத்தார்.

"நாப்பது அடின்னு பத்திரம் எழுதிட்டு முப்பத்தாறு காட்டறீங்களே, இதுதான் உங்க நியாயமா?"

"எங்கப்பன் உழுத நெலம் சார். ஏமாத்திப் பொழைக்கற வூடு இல்ல எங்களுது" என்றார் பொன்னுரங்கம். தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

அப்போதுதான் கேசவன் அண்ணன் பந்தோடு வந்தார். விஷயம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சம்பந்தம் என்ற ஒன்பதாவது படிக்கும் பையன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணா, கம்முனு இரு. சொன்னா கிரவுண்டு காலி."

"அவர திருடன்றாங்கடா. நான் பாத்துகினு நிக்கவா?"

கூட்டத்துக்குள் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"எல்லைக் கல்லயாடா கோலுக்கு வச்சீங்கோ, கேசவா?" என்று பொன்னுரங்கம் கத்தினார். "இனிமே ஒருத்தன் கால் இங்க படக்கூடாது!"

கேசவன் அண்ணன் கெஞ்சவில்லை. கொத்தனாரிடம் டேப்பை வாங்கி, ரோட்டு மூலையிலிருந்து அளந்து, பையன்களை வைத்தே எல்லாக் கற்களையும் சரியாக நட்டார். ஸ்ரீநிவாசராகவன் சாருக்கு நாற்பதடி கிடைத்தது. பொன்னுரங்கத்திடம் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அடுத்த வாரமே முள்கம்பி வந்துவிட்டது.

இப்போது ஆட்டம் ஏரியின் காய்ந்த பக்கத்தில் நடக்கிறது. தூரம் அதிகம், பாதிப் பேர் வருவதில்லை. சம்பந்தம் ஒரு மாதம் கேசவன் அண்ணனோடு பேசவே இல்லை. போன ஞாயிறு வந்தான். அவன் ஒரு பக்கம் சேர்ந்ததும் எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆள் குறைந்தது. அதனால் கேசவன் அண்ணனே கோல் காக்க நின்றார். சம்பந்தம் அடித்த முதல் பந்தே அவர் காலுக்கு நடுவில் புகுந்து போனது.

"இன்னாண்ணா, கேட்ட தொறந்து வுட்டுட்டியா?"

"பேசாம போய்ப் பந்த எடுத்துகினு வாடா" என்றார்.