மீதித் தொப்புள்கொடி

என் மூத்தவள் ஏழு மாதம்தான் உயிரோடு இருந்தாள். சுனாமி வந்து மூன்று வருடம் கழித்து, முட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில். அவளுக்குக் கழுத்து நிற்கவே இல்லை. கையில் எடுத்தால் ஈரத்துணி போலத் துவண்டு கிடப்பாள். ஆனால் கண் மட்டும் அப்படி ஒரு கண். அறைக்குள் நான் எங்கே போனாலும் என் பின்னாலேயே வரும். நாகர்கோவில் டாக்டர் பார்த்த உடனே தசைகள் வலுவிழக்கும் நோய் என்றார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். அதை எடுப்பதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

அவளுடையது என்று என்னிடம் மிஞ்சியவை இரண்டு. மாதா கோயில் நேர்ச்சைக்கு மொட்டை போட்டபோது எடுத்த ஒரு கொத்து முடி, அது எப்போதும் என் பர்ஸில் இருக்கும். இன்னொன்று அவளுடைய கொலுசுப் பெட்டியில் பஞ்சில் சுற்றி வைத்திருந்த தொப்புள்கொடி. காய்ந்து விழுந்தபோதே எடுத்துவைத்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். என் மாமியாருக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது.

"மக்கா, கடல்ல விட்டுரு. செத்த பிள்ளைக்க கொடியை வச்சிட்டு இருந்தா அடுத்த பிள்ளை எப்பிடி வரும்?" என்பார். நான் பெட்டியைச் சேலைகளுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பேன்.

என் கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். அவர் அடுத்த லீவில் வந்தபோது எங்கள் இருவர் இரத்தத்தையும் சோதித்தார்கள். இருவரிடமும் அதே குறை ஒளிந்திருந்தது. எங்களை அது ஒன்றும் செய்யாது. இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் வினை. சென்னையில் ஒரு மருத்துவமனையில் இதற்கு வழி இருப்பதாகத் தெரிந்தது. கருவை உடம்புக்கு வெளியே உருவாக்கி, அதிலிருந்து ஓரிரு செல்லை எடுத்துச் சோதித்து, நோய் இல்லாத கருவை மட்டும் வயிற்றில் வைப்பார்களாம். மறு லீவு மூன்று மாதம் கிடைத்தது. ரயில் ஏறினோம்.

அங்கே ஆலோசனை சொல்ல ஒரு பெண் இருந்தாள். நல்லவள்தான். "ஒண்ணு ரெண்டு செல்லை மட்டும் வெச்சுச் சொன்னா தப்பாப் போக வாய்ப்பிருக்கும்மா. இறந்த குழந்தையோடது ஏதாவது இருந்தா, அதோட ஒப்பிட்டு உறுதியாச் சொல்லலாம்" என்றாள். பர்ஸைத் திறந்து முடியை நீட்டினேன். சிரைத்த முடி உதவாது, வேரோடு இருக்க வேண்டுமாம்.

"பால் பல் ஏதாவது?"

"ஏழு மாசத்துல செத்த பிள்ளைக்குப் பல்லா?" என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கோபப்படவில்லை. "தொப்புள்கொடி எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் "இல்லை" என்றேன்.

திரும்பி வரும் ரயில் திருநெல்வேலியைத் தாண்டியது. "ஏட்டி, எதுக்குப் பொய் சொன்ன?" என்றார் அவர்.

"அது எனக்க பிள்ளை."

"எனக்கும் பிள்ளைதான். ஆனா அவளுக்கு இனி அது எதுக்கு?"

"அவளை மாதிரி பிள்ளை வேண்டாம்னு பாக்கதுக்கு அவளையே கொண்டு குடுக்கணுமா?" என்றேன். ஆனாலும் எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டியிருந்தது. வெறியோடு வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்து, ஞாயிறு பூசைக்கு எல்லோரும் போன நேரத்தில், புது பிளேடால் அதை இரண்டாக நறுக்கினேன். பாதியை அவர் சென்னைக்குக் கொண்டுபோனார். பத்து நாளில் போன் வந்தது. அனுப்பியது சோதனைக்குப் போதவில்லை, மீதி இருந்தால் வேண்டும் என்றார்கள். அவருடைய லீவு கரைந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை நானே கொண்டுபோனேன். ஒருவன் அதைச் சின்னக் குழாயில் போட்டு, மூடி, மேலே சீட்டு ஒட்டினான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவளுக்கு உண்டு. சீட்டில் அது இல்லை. ஒரு எண்ணும், 'பாதிக்கப்பட்ட குழந்தை' என்பதும்தான் இருந்தன. காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

மீதி போதும் என்றார்கள்; அவர் லீவு முடியுமுன் சென்னையில் உருவான எங்கள் கருக்கள் ஐந்து. இரண்டில் நோய் இல்லை. மூன்று அவளைப் போல. ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற பலகை அங்கேயும் தொங்கியது, அதனால் கேட்கவில்லை. ஆனால் எனக்கு மூன்றும் பெண்தான், மூன்றுக்கும் அவள் கண்தான்.

அந்த மூன்றையும் கழித்துவிடச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். "எனக்க மவ இந்த அஞ்சுல இருந்திருந்தா?" என்று ஆலோசனை சொன்ன அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் யோசிக்காதீங்கம்மா" என்றாள். என் கணவர் போட்டார். நானும் போட்டேன். கை நடுங்கவே இல்லை. இன்றுவரை என்னைக் குத்துவது அதுதான்.

நோய் இல்லாத இரண்டையும் வைத்ததில் ஒன்று நின்று, பையன் பிறந்தான். எட்டாம் நாள் அவனுடைய கொடி விழுந்தது. கடல்ல விடு என்று சொன்ன அதே மாமியார், அலமாரியிலிருந்து அந்தக் கொலுசுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். "இதுல வை மக்கா. நல்லா இருக்கட்டும்." திறந்தேன். பஞ்சில் அவள் கிடந்த இடம் சின்னக் குழியாக இன்னும் தெரிந்தது.

பச்சை உடம்புக்காரி வெளியே போகக் கூடாது என்று அவர் கத்தக் கத்த, பாறைப் பக்கம் நடந்துபோய் அவனுடைய கொடியைக் கடலில் எறிந்தேன்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் மாமியார்.

"இவனுக்க கொடியை வச்சு இனி யாரையும் அளந்து பாக்கப்பிடாது" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது.

பையன் இப்போது அதே பாறைகளில் தாவி ஓடுகிறான். விழுந்துவிடாதே என்று கூப்பிடும்போதெல்லாம் என் கண் அவனைத் தாண்டிப் பின்னால் போகிறது, இன்னும் மூன்று பேர் வர வேண்டியிருப்பது போல. அவனுக்காகச் செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நாளைக்கே மறுபடி கேட்டாலும் பாதியாக நறுக்காமல், முழுவதையும் ஒரேயடியாகக் கொடுப்பேன். பெட்டியைத் திறந்து அந்தக் குழியைப் பார்த்து அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.