சித்தப்பாவின் ஈயக் குவளை

எட்மண்டன் ஒருகாலத்தில் கிராமமாக இருந்தது என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். அதற்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி எங்கள் தெருமுனைப் பப். ரயில் வருவதற்கு முன்பே கட்டியதாம். வண்டிக் குதிரைகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி வாசலில் கிடந்தது. உள்ளே உத்தரங்கள் அவ்வளவு தாழ்வு, பெரியவர்கள் குனிந்துதான் நடக்கவேண்டும்.

அந்த உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள். நெடுநாள் வாடிக்கையாளருக்கு ஆளுக்கொரு ஈயக் குவளை அங்கே தொங்கும். ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய குவளையைக் கடைசியாக ஒருமுறை பியரால் நிரப்பி மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பிறகு கழுவி மேல்தட்டில் கவிழ்த்துவிடுவார்கள். கவிழ்த்ததை அப்புறம் யாரும் தொடுவதில்லை.

சித்தப்பாவுக்கும் அங்கே ஒரு குவளை இருந்தது. அப்பாவின் தம்பி அவர். எங்கள் வீட்டு மேலறையில் குடியிருந்தவர். சிரித்துச் சிரித்தே அந்த வெள்ளைக் கிழவர்களை வளைத்துப்போட்டிருந்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊருக்குப் போனார். போன இடத்தில் சண்டை மூண்டது. வன்னியில் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு அந்தச் செய்தியும் நின்றுபோனது.

அதன்பிறகுதான் அப்பா பப்புக்குப் போகத் தொடங்கினார். பியரை வாயில் வைத்தறியாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்த கையோடு, நெற்றியில் திருநீறும் அழியாமல், என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சித்தப்பாவின் கொக்கிக்குக் கீழே உட்கார்ந்து தோடம்பழச் சாறு குடிப்பார். எங்கள் சனம் அவரைக் குடிகாரன் என்றே முடிவுகட்டிவிட்டது. அம்மாவுக்கு மானம் போனது.

“சாறு குடிக்க வீட்டில கோப்பை இல்லையோ?” என்பார்.

“அவன்ர கோப்பை அங்கதானே கிடக்கு” என்பார் அப்பா.

ஒருநாள் சண்டை முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். பப்பை நடத்திய முதலாளியம்மாவும் அதைப் பார்த்திருக்கிறார். அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது கொக்கி வெறுமையாக இருந்தது. குவளை மேசையில், நுரை தளும்ப. கிழவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார்கள். முதலாளியம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார்கள், பாவம். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் அவர்களுக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊரிலும் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைப்பார்கள். குடித்தவர் என்றால் போத்தலும் வைப்பார்கள். ஆகவே அந்த மேசையில் இருப்பது என்னவென்று அப்பாவுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குவளையை இரண்டு கையாலும் தூக்கி, மூச்சு முட்ட, சட்டையெல்லாம் சிந்த, அடிவரை குடித்தார். கைக்குட்டையால் துடைத்து, தானே பழைய கொக்கியில் மாட்டினார். தம்பி வருவான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கிழவர்கள் ஒருவரும் உட்காரவில்லை.

தெருவுக்கு வந்ததும் எனக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அப்பா குடித்துவிட்டார், அம்மா என்ன செய்யப்போகிறாரோ! வாய் மணம் போக வழியில் கடையில் மின்ட் வாங்குவோம் என்றேன். அப்பாவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

கதவைத் திறந்த உடனேயே அம்மா மணம் பிடித்துவிட்டார்.

“என்னப்பா இது?”

“அவனுக்குப் படைச்சு வைச்சிருந்தவை” என்றார் அப்பா. “நான் எடுத்துக் குடிச்சிட்டன்.”

அம்மா அப்பாவின் நனைந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“முழுக்கக் குடிச்சனீங்களோ?”

“ஓம். ஒரு சொட்டும் மிச்சம் வைக்கேல்லை.”

“நல்ல வேலை செய்தியள்” என்றார் அம்மா.

வீட்டில் சண்டை வராமல் தப்பியதில் எனக்குப் பெரிய சந்தோஷம். மேலே ஓடிப்போய்க் கார்ட்டூன் பார்த்தேன். கீழே குசினியில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து பாத்திரம் கழுவுகிறார்கள் என்று நினைத்தேன்.